தாமு பிடிச்சுக்குவான்

மச்சான்,

பட்டறை முழுக்க இன்று மண்ணெண்ணெய் வாடை. நாளைக்கு ஆயுத பூஜை. லேத்து, டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட் என்று ஒன்றுவிடாமல் ஆட்கள் துணியை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கோணியைக் கிழித்து, கிரேன் பிரேக்கின் மேல் சுற்றிக் கட்டிவிட்டு, "இதுல எவனாவது கை வெச்சீங்க, மொத்தமா வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று கத்தினேன். வருடா வருடம் இதே கத்தல்தான். "ஃபோர்மேனுக்கு பிரேக்குன்னா மட்டும் இன்னாமோ ஆயிடுது" என்று வெல்டர் முனகினான். அது வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு வைக்க ஒருவன் நல்லெண்ணெய் பாட்டிலைத் திறந்தான் பார், அப்போதுதான் தாங்கவில்லை. வெளியே வந்து ரோட்டோரம் நின்றுகொண்டேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் வேலை, தாம்பரத்தில் வீடு. எந்நாளும் செங்கல்பட்டு வண்டியில் ஏறித் தாம்பரத்தில் இறங்குகிறவன் இன்று இறங்கவில்லை. குரோம்பேட்டை வரைக்கும் வந்து, அஸ்தினாபுரத்துக்குப் போனேன். உன் பெண்டாட்டி இப்போது இருக்கிற வீட்டு வாசலுக்குத்தான். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நீ போனதிலிருந்து உன் பெண்டாட்டியிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். செல்விக்கு அது தெரியவே கூடாது. உனக்குத் தெரியலாம், நீ யாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறாய்?

உன்மேல் இருக்கிற கோபமும் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம்ம குவாரி திரிசூலத்து மலைக்கு அந்தப் பக்கம். மலை என்பது பேருக்குத்தான். நாம் வேலைக்கு வந்தபோதே மலை போய்ப் பள்ளமாகியிருந்தது. மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால், அடியில் கல் பொறுக்குகிறவர்கள் ஆணா பெண்ணா என்று தெரியாது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலையை உரசுகிற மாதிரி போகும். "பைலட்டுக்கு நம்ம பள்ளம் தெரியுமா அண்ணே?" என்று உன் தம்பி தாமு கேட்பான். "தெரிஞ்சா இந்தப் பக்கம் வருவானா?" என்பாய் நீ. நீங்கள் இரண்டு பேரும் டிப்பர் லாரி ஓட்டினீர்கள். நான் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர்; குவாரியில் கல் உடைக்கிற மெஷின் படுத்துவிட்டால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பம்மலில் ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள் மறுபடி அந்தப் பள்ளத்தில் சேர்ந்துகொண்டோம்.

பள்ளத்திலிருந்து மேலே வர ஒரே வழி அந்த ஏற்றம்தான். பாறையை வெட்டி விட்ட பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் இல்லை. சுமை வண்டி முதல் கியரில் முக்கி முக்கி ஏறும். நீ ஏறுவதற்கு முன்னால் பம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். நான் அதைப் பார்த்துச் சிரித்தால், "நீ வேதக்காரன், உங்க சாமி கீழ இறங்கி வரும், எங்க சாமி மேல ஏத்திவுடணும்டா" என்பாய்.

ஐப்பசி மழையில் தாமுவின் வண்டி பாதி ஏற்றத்தில் நின்றது. நின்றது, பிறகு பின்னால் வந்தது. அவன் பிரேக்கின் மேல் ஏறி நின்றானாம். சேறு, சுமை, ஏற்றம், எல்லாம் சேர்ந்து வண்டியை விளிம்புக்குத் தள்ளிவிட்டன. நீதான் இறங்கிப் போய்த் தூக்கினாய். வேறு யாரையும் தொட விடவில்லை.

செல்வி அன்றைக்கு எப்படி இருந்தாள் என்பது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உன் அம்மா போனபின் தாமுவை வளர்த்தவள் அவள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது அவன் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை தவறாமல் உட்கார வைத்து, உச்சியில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்துத் தட்டித் தேய்த்துவிடுவாள். மீசை முளைத்து லாரி ஓட்டுகிற காலத்திலும் அவன் சனிக்கிழமை வந்தால் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். தெருவே கேலி செய்தது. கடைசிக் குளியலுக்கும் அவள்தான் எண்ணெய் வைத்தாள். எல்லாரும் அலறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாய் திறக்காமல், சனிக்கிழமை வைப்பது போலவே பொறுமையாக வைத்தாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். "மச்சான், அந்த ஏத்தத்துல இனிமே எவனும் வண்டி ஏத்தக் கூடாது. நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது" என்றாய். "நான் இன்னா கலெக்டராடா?" என்று நானும் அழுதுகொண்டே திட்டினேன். வாழ்க்கையில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் பட்டறை இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து ஒரு படம் காட்டினார். நம்முடையதைவிடப் பெரிய பள்ளம். அதன் சுவரோடு ஒட்டினாற்போல் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஒரு பெல்ட் ஏறிக்கொண்டிருந்தது, கல்லைச் சுமந்துகொண்டு. ஒரு லாரியும் இல்லை. "நம்ம அளவுக்குச் சின்னதா ஒண்ணு டிசைன் பண்ணலாம் அந்தோணி. ஆனா குவாரி ஓனர் ஒத்துக்கணுமே" என்றார். தாமு செத்ததற்கு அசையாத அந்த மனிதர், டீசலும் டயரும் மிச்சம் என்றதும் ஒத்துக்கொண்டார். அவர் பேரை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

படம் வரைந்து முடித்த அன்று உன்னைப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சாதாரண பெல்ட்டை அவ்வளவு சரிவாகப் போட்டால் கல் உருண்டு கீழேயே வந்துவிடும். இதில் இரண்டு ஓரத்திலும் ரப்பர் சுவர், நடுவில் குறுக்கே ரப்பர் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்கும் நடுவில் கல் உட்கார்ந்துகொண்டு மேலே போகும். நீ பார்த்துவிட்டு, "இன்னா சார், கல்லுக்கெல்லாம் தனித்தனியா ரூம் போட்டுக் குடுத்துக்கிறீங்க. எங்களுக்கே ஒரு ரூம்புதான்" என்றாய். இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாய்: "கரண்ட் போனா சார்? சுமையோட பின்னால வராதா?"

"அதுக்குத்தாம்ப்பா இது" என்று படத்தின் உச்சியில் விரல் வைத்தார் அவர். பெல்ட்டை இழுக்கிற மோட்டார் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும். அதன் பக்கத்திலேயே ஒரு இரும்பு டிரம், அதைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை, பட்டைக்குள் டிரம்மை உரசிப் பிடிக்கிற பிரேக் லைனிங். கரண்ட் இருக்கிற வரைக்கும் பட்டை விலகியிருக்கும். கரண்ட் போன அடுத்த நொடி ஒரு எடைக்கல் தானாக இறங்கிப் பட்டையை இழுத்து டிரம்மைக் கவ்விக்கொள்ளும். பெல்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். நீ அந்தப் படத்தின் மேல் கையை வைத்தாய். அப்புறம் சொன்னாய்: "அப்போ இவன் பேரு தாமு."

அந்தப் பட்டைக்கு லைனிங் வைத்து ரிவெட் ஆணி அடித்தவன் நான். என் கையால் அடித்தேன். ஒவ்வொரு ரிவெட் தலையும் லைனிங்குக்குள் அமிழ்ந்து உட்கார்ந்திருக்கும். விரலால் தடவினால் ஒன்றும் தட்டாது. நீ வேலை முடிந்து வந்து தடவித் தடவிப் பார்ப்பாய். "எண்ணெ கிண்ணெ படாம பாத்துக்க மச்சான்" என்று நீயே எனக்குச் சொல்வாய். டிரைவர் ஆயிற்றே, பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காது என்று உனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பெரிய கல்லை உடைக்கிற மெஷினைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். உடைந்த கல்லைப் பெல்ட்டில் விடுகிற அடிவாய்க்கு உன்னை ஆபரேட்டர் ஆக்கினார்கள். ஓட்டிப் பார்த்த அன்று நாம் எதிர்பார்க்காமலே கரண்ட் போயிற்று. நம்ம ஊர் கரண்ட் அல்லவா! பெல்ட் முழுக்கக் கல். மேலே எடைக்கல் இறங்கியது. காது கிழிகிற மாதிரி ஒரு கிறீச். பெல்ட் அசையாமல் நின்றது. கீழேயிருந்து உன் குரல் பள்ளம் முழுக்க எதிரொலித்தது: "தாமு புடிச்சுகினான்டா!" கல் பொறுக்குகிற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் அந்த ஏற்றத்தில் புல் முளைத்தது, மச்சான். அதைப் பார்ப்பதற்காகவே நீ என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனாய்.

செல்வியையும் ஒருநாள் அழைத்து வந்து காட்டினாய். டிரம்மைத் தொட்டுப் பார்த்து, "இன்னா கொழுந்தனாரே, சௌக்கியமா?" என்றாள். தாமு போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரண்ட் போனால் அடிவாயில் யாரும் நிற்கக் கூடாது, விலகிப் போய்விட வேண்டும் என்று இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். முதலில் நீயும் விலகத்தான் செய்தாய். போகப் போக விட்டுவிட்டாய். நான் திட்டினால், "தாமு பிடிச்சுக்குவான், நீ போ" என்பாய். ஏன்டா, அது இரும்புடா. நீ பேர் வைத்தால் அது தம்பி ஆகிவிடுமா? இந்தக் கோபம்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பெல்ட்டுக்கு வாழைக்கன்று கட்டி, மோட்டாருக்கு மாலை போட்டிருந்தாய். காலையில் குவாரிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். நீ பூசணிக்காய் வாங்கப் பல்லாவரம் போயிருந்தாய். எங்கள் பட்டறையிலும் பூஜை இருந்ததால் நான் கிளம்பினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது செல்வி தாம்பாளத்தோடு எதிரே வந்தாள். பொரி, வெல்லம், பூ, ஒரு கிண்ணத்தில் எண்ணெய். "இருங்கண்ணா, பொரி வாங்கிகினு போங்கோ" என்று என் கைக்குட்டையில் அள்ளிப் போட்டாள். விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிறாள் என்று யாருமே நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஜயதசமி கழிந்து வேலை தொடங்கிய அன்று கரண்ட் போயிற்று. பெல்ட் முழுக்கக் கல். மேலே சுவிட்ச் பார்க்கிறவன்தான் எனக்கு எல்லாம் சொன்னான். எடைக்கல் இறங்கியதாம். பட்டை கவ்வியதாம். ஒரு கணம் நின்றதாம். அடிவாயில் ஒரு கல் குறுக்கே சிக்கியிருந்தது என்று நீ கடப்பாரையோடு குனிந்தாயாம். அவன் மேலிருந்து கத்தியதற்கு, "தாமு புடிச்சுகினு கீறான், நீ சும்மா இரு" என்றாயாம். அப்புறம் டிரம் மெள்ளச் சுற்ற ஆரம்பித்ததாம், பின்பக்கமாக. "சத்தமே வர்ல அண்ணே. எப்பவும் கிறீச்சுன்னு கத்துமே, அது வர்ல" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான் பாவம். பெல்ட்டில் இருந்த கல் அத்தனையும் வந்த வழியே இறங்கி அடிவாய்க்கு வந்துவிட்டது.

ஏன்டா அங்கே நின்றாய்?

உன்னை எடுத்த பிறகு மேலே போய்ப் பிரேக்கைப் பார்த்தேன். டிரம் பளபளவென்று இருந்தது. ஓரத்தில் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. லைனிங்கை விரலால் தொட்டு முகர்ந்தேன். மெஷின் எண்ணெய் இல்லை. நல்லெண்ணெய். குவாரி வாட்ச்மேன் வேலையாகத்தான் இருக்கும், அவன் கையை ஒடிக்கிறேன் என்று கறுவிக்கொண்டே உன் வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே செல்வியின் குரல் கேட்டது. தாமுவுக்கு வாய் திறக்காதவள் உனக்கு மாரிலடித்துக்கொண்டு அழுதாள். "எண்ணெ வெச்சனே... உச்சியில ஒரு கை எண்ணெ வெச்சு, பொட்டு வெச்சு, பூ வெச்சுக் கும்புட்டனே... தாமு, உங்கண்ணன வுட்டுட்டியேடா!" சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் அவள் கொழுந்தனின் சாவை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி, "ஐயோ, ரெண்டு சாவையும் பாத்துட்டாளே" என்று கூடச் சேர்ந்து அழுதார்கள். எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்கு எப்படித் தெரியும், சொல்? வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறவள். தையல் மெஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடாமல் ஒருநாளும் மிதிக்க மாட்டாள். எண்ணெய் விட்டால்தான் மெஷின் நன்றாக ஓடும், இது அவளுக்குத் தெரிந்தது. தாமு தலைக்கு எண்ணெய் வைத்தால் அவன் உடம்பு குளிரும், இதுவும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து அவள் கும்பிட்டுவிட்டாள். நீ பூசணிக்காய் வாங்கப் போன நேரத்தில், உன் தம்பிக்குச் சனிக்கிழமை எண்ணெய் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். டிரம் மேல் ஊற்றியது பட்டைக்குள் இறங்கி, பூஜைக்கு விட்ட லீவு முழுக்க லைனிங் அதைக் குடித்திருக்கிறது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார், இன்ஜினியரும் வருகிறார் என்றார்கள். நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பெல்ட் மேல் பழி இல்லை. லைனிங்கை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டலாம். ஏற்றத்தில் புல் புல்லாகவே இருக்கும். நீ கேட்டது நிலைக்கும். ஆனால் யார் எண்ணெய் வைத்தது என்று கேட்பார்கள். அவள் பேர் ஸ்டேஷன் வரைக்கும் போகும். போலீஸ்கூடப் பெரிதில்லை. புருசனைக் கொன்றது தன் கை எண்ணெய்தான் என்று தெரிந்தால், அந்தப் பெண் அன்று சாயங்காலம் வரைக்கும் உயிரோடு இருந்திருப்பாளா? பால் மணம் மாறாத உன் பிள்ளை சேகர் அவள் மடியில் படுத்திருந்தான்.

ஆக, விடிந்ததும் முதல் ஆளாகக் குவாரிக்குப் போனேன். டிரம்மையும் லைனிங்கையும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். குங்குமத்தைச் சுரண்டினேன். உளியை வைத்து நான் அடித்த ரிவெட்டுகளையே நெம்பி, லைனிங் டிரம்மில் படியாதபடி தலையைத் தூக்கிவிட்டேன். என் வேலையை நானே கெடுத்தேன், மச்சான். ஒவ்வொன்றும் வர மாட்டேன் என்றது. அவ்வளவு நன்றாக அடித்திருந்தேன்.

"லைனிங் நான்தான் சார் அடிச்சேன். ரிவெட்டு சரியா உக்காரல. அதான் பிடிக்கல" என்றேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். இன்ஜினியர் குனிந்து பட்டையை முகர்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாடைதான் வந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்தோணி, நீ அடிச்ச ரிவெட் இப்படி இருக்காது."

"இருந்துச்சு சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உன்னை வேலையில வெச்சிருக்க முடியாது. இந்த பெல்ட்டும் போயிடும்."

"யோசிச்சிட்டேன் சார்."

அவர் சொன்ன இரண்டுமே நடந்தன. செங்குத்து பெல்ட் என்றாலே ஆள்கொல்லி என்று பேராகிவிட்டது. பழைய இரும்புக்காரன் வந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனான். புல்லைச் செதுக்கிவிட்டு லாரிகளை மறுபடி ஏற்றத்தில் விட்டார்கள். அடுத்த மழையில் ஒரு வண்டி பின்னால் வந்தது. ஓட்டியவன் குதித்துவிட்டான், உயிர் இருந்தது, ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "நீங்க யாருண்ணே, எனக்கு அடையாளம் தெரியலயே?" என்றான். உன் பேரைச் சொல்லி, அவன் சிநேகிதன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கேட்ட ஒன்றைச் செய்து கொடுத்ததும் நான்தான், அதைப் பிடுங்கிப் போட்டதும் நான்தான். அந்தப் பையனின் கால் எனக்குக் கனவில் வருகிறது. ஆனாலும் தப்பு செய்தாயா என்று என்னைக் கேட்காதே. அதே காலையில் கொண்டுபோய் நிறுத்தினால் மறுபடியும் உளியைத்தான் எடுப்பேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்திலும் இதை நான் சொன்னதில்லை. உண்மையைச் சொல்லிவிடு என்று ஃபாதர் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

'ரிவெட் சரியில்லை' என்பது செல்வி காதுக்கும் போயிற்று. கருமாதி முடிந்த கையோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கீழே குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள். "கூடப் பொறந்த அண்ணனா நெனச்சனே, ஒரு ஆணிய ஒழுங்கா அடிக்கத் தெரியாதா உனக்கு? நீ நாசமாப் போவ!" என்றாள். தெருவே கூடிவிட்டது. என் மேரி உள்ளே அழுதுகொண்டே, "நீங்க அப்படி வேலை செய்யற ஆளே இல்லீங்களே" என்றாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. பெண்கள் இரண்டு பேர் ஒரு குழாயடியில் நின்றால் போதும், எதுவும் நிற்காது.

அப்புறம் செல்வி தன் அண்ணன் வீட்டோடு அஸ்தினாபுரம் போய்விட்டாள். தையல் மெஷினை மிதித்தே சேகரை ஆளாக்கினாள். எனக்கும் ஊர் சுற்றி, சிங்கப்பெருமாள் கோவிலில் வேலை கிடைத்தது. ராதா நகர் கேட்டில் எப்போதாவது எதிரே வருவாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். எனக்கு அது நிம்மதியாக இருக்கும். திருப்பிக்கொள்கிறாள் என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். குவாரியையும் மூடிவிட்டார்கள். பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீர். விமானம் மட்டும் அதேபோல் போகிறது.

போன மாதம்தான் தெரிந்தது, சேகர் வண்டி மெக்கானிக் வேலைக்குப் போகிறானாம். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மெக்கானிக் பிள்ளை என்றைக்காவது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இன்றைக்குப் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

செல்வி வீட்டு வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. சேகர் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். உன் தோள், உன் கழுத்து. குனிந்தால் அப்படியே நீதான். நான் எதிர்வாடையில் பொட்டிக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். செல்வி உள்ளேயிருந்து வந்தாள். கையில் குங்குமம், ஒரு கிண்ணம். தலை முழுக்க நரைத்துவிட்டது, மச்சான். நாளைப் பூஜைக்கு இப்போதே, கழுவி முடித்த பக்கத்தில் வண்டிக்குப் பொட்டு வைத்தாள். எண்ணெயைத் தொட்டுக்கொண்டு சக்கரத்துப் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, அங்க வெக்காத. அது பிரேக்கு. எண்ணெ பட்டா புடிக்காது."

"இன்னாடா சொல்ற?"

"லைனிங் வழுக்கிடும்மா. பிரேக் புடிக்கவே புடிக்காது. செயினுக்கு வை" என்று அவன் பாட்டுக்குக் கழுவினான்.

அவள் நிமிர்ந்தாள். கை அந்தரத்தில் அப்படியே நின்றது. விரலிலிருந்து எண்ணெய் சொட்டியது. அப்புறம் தலையைத் திருப்பினாள். நேராக என்னைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தெருவைக் கடந்து என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எத்தனை காலம்! "அந்த ரிவெட்டு... அது நெசந்தானா?"

கண்ணைத் தாழ்த்தினால் தெரிந்துபோகும். தாழ்த்தாமல் சொன்னேன்: "நெசந்தாம்மா. நான் அடிச்சதுதான் சரியில்ல. வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் குடிச்சிருந்தேன்."

குடித்தேன் என்பது இன்றைக்கு நான் புதிதாகச் சேர்த்தது. நான் குடிக்காதவன் என்று உனக்குத் தெரியும்.

"எண்ணெ..." என்று ஆரம்பித்தாள்.

"எண்ணெயெல்லாம் ஒண்ணும் இல்ல. நானே பிரிச்சுப் பாத்தேன். காஞ்சுபோய்க் கெடந்துச்சு. ரிவெட்டுதான்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் பழையபடி இறுகியது. "குடிச்சுட்டுதான் அடிச்சியா? நீ நல்லாவே இருக்க மாட்டடா" என்றாள். திரும்பிப் போனாள். "டேய் சேகரு, உள்ள வா" என்று அவனையும் இழுத்துக்கொண்டு போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது, மச்சான்.